ஒரு டே.ஸ்பூன் உப்பு

எனக்குச் சமைக்கத் தெரியாது. நான்கு சமையல் புத்தகங்கள் எழுதியிருக்கிறேன்.

முதல் விஷயத்துக்கு என் மனைவி சாட்சி. இரண்டாவதற்குச் சாட்சி கிடையாது. நான்கு அட்டையிலும் இருப்பது முதலாளியின் சம்சாரம் பெயர். அந்த அம்மாளுக்கும் சமைக்கத் தெரியாது என்று ஆபீஸில் பேசிக்கொள்வார்கள். அவர்கள் வீட்டில் சமையலுக்கு ஆள் இருந்தது. அந்த ஆளுக்கு எழுதத் தெரியாது. இப்படியாகத் தமிழ்ச் சமையல் இலக்கியம் வளர்ந்தது.

1995 வாக்கில் திருவல்லிக்கேணியில் ஒரு சின்னப் பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தேன். மாடியில் நாங்கள், கீழே ஒரு மெஸ். கோலம், ஜோதிடம், கனவுப் பலன், குழந்தைப் பெயர்கள், சமையல் என்று வீட்டுக்கு வேண்டிய எல்லாம் போடுவோம். வருஷத்துக்கு ஒரு கவிதைத் தொகுப்பும் உண்டு, கவிஞரே காசு கொடுத்தால்.

சமையல் புத்தகம் அடுப்படியிலிருந்து வருகிறது என்றுதான் வாங்குகிறவர்கள் நினைக்கிறார்கள். அது ஃபாரத்திலிருந்து வருகிறது. ஒரு ஃபாரம் 16 பக்கம். 6 ஃபாரம் என்றால் 96 பக்கம். அதில் ஒரு பக்கம் குறைந்தாலும் வெள்ளையாக விட வேண்டும், ஒரு பக்கம் கூடினாலும் இன்னொரு ஃபாரம் போட வேண்டும். முதலாளிக்கு இரண்டும் ஆகாது. அட்டை முதலிலேயே அச்சாகி வந்துவிடும். நாலு புத்தகத்தின் ரேப்பரை ஒரே ஷீட்டில் சேர்த்து அடித்தால் செலவு மிச்சம். ஆக, ‘100 வகைக் குழம்பு’ என்று அட்டை பளபளவென்று மேஜை மேல் இருக்கும்போது உள்ளே குழம்பு என்று ஒன்றும் இருக்காது.

குறிப்பு எழுதித் தந்த அம்மா மயிலாப்பூர்க்காரர். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். 71 குழம்பு எழுதிவிட்டு, “இதுக்கு மேல உலகத்துல குழம்பு இல்லப்பா” என்று பேனாவை மூடிவிட்டார். அட்டையோ நூறு என்கிறது. மீதி 29 குழம்பும் என் பொறுப்பு.

குழம்பைப் பெருக்குவது அப்படியொன்றும் கஷ்டமில்லை. கல்யாண வீட்டில் சாம்பாருக்குத் தண்ணீர் விட்டுப் பெருக்குவதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான். கத்தரிக்காய்க் குழம்பில் கத்தரிக்காயை எடுத்துவிட்டு வெண்டைக்காயைப் போட்டேன். ஒன்று ஆயிற்று. வெண்டைக்காயை எடுத்துவிட்டுச் சுண்டைக்காய். இரண்டு. முருங்கைக்காய் தீர்ந்ததும் முருங்கைக்கீரை, கீரை தீர்ந்ததும் முருங்கைப்பூ. பட்டைக்கும் பிசினுக்கும் போவதற்குள் நூறு வந்துவிட்டது. பிசினில் குழம்பு வைக்கலாமா என்று இன்றைக்கும் ஒரு சந்தேகம் இருக்கிறது.

குறிப்பு எழுத ஒரு தனித் தமிழ் உண்டு. அதைக் கற்றுக்கொள்ள அரைநாள் போதும். எதையும் ‘பொன்னிறமாக’ வறுக்க வேண்டும். அது எந்தப் பொன், 22 காரட்டா 18 காரட்டா என்று யாரும் கேட்டதில்லை. ‘பச்சை வாசனை போகும்வரை’ வதக்க வேண்டும். எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கடைசி வரி எப்போதும் ‘சூடாகப் பரிமாறவும்’. டி.டி.பி. போட்டுக்கொடுத்த பையன் ஒரு குறிப்பை மாதிரியாக வைத்துக்கொண்டு நடுவில் இருப்பதை மட்டும் மாற்றிக்கொண்டே போவான். அதனால் எங்களுடைய ‘கோடைக்கால ஸ்பெஷல்’ புத்தகத்தில் தயிர் வடையைச் சூடாகப் பரிமாறவும், நன்னாரி சர்பத்தைச் சூடாகப் பரிமாறவும், மாம்பழ ஐஸ்கிரீமை உடனே சூடாகப் பரிமாறவும் என்று வந்தது. ஐஸ்கிரீமில் ‘உடனே’ நான் சேர்த்தது. அது உருகுமே என்ற அக்கறைதான்.

அதையெல்லாம் வாசகர்கள் மன்னித்தார்கள். மன்னிக்காதது உப்பு.

ஆங்கிலத்தில் டீஸ்பூன் 5 மில்லி, டேபிள்ஸ்பூன் 15 மில்லி. ஒன்றுக்கு மூன்று. தமிழ்ச் சமையல் புத்தகத்தில் இட நெருக்கடி காரணமாக ஒன்று டீ.ஸ்பூன் ஆயிற்று, மற்றது டே.ஸ்பூன் ஆயிற்று. ஒரு நெடிலுக்கும் இன்னொரு நெடிலுக்கும் உள்ள வித்தியாசம், மேலே ஒரு சுழியா முன்னால் ஒரு கொம்பா என்பதுதான். ‘100 வகைக் குழம்பு’ 43ஆம் பக்கத்தில் சுண்டைக்காய் வத்தக்குழம்பு. உப்பு 1 டீ.ஸ்பூன் என்று மயிலாப்பூர் அம்மா எழுதியிருந்தார். பையன் டே.ஸ்பூன் என்று அடித்தான். நான் பார்த்தேன். பக்கத்தின் ஓரத்தில் டிக் அடித்துக் கையெழுத்தும் போட்டேன். மணி பன்னிரண்டரை. கீழே மெஸ்ஸில் அன்றைக்கு முருங்கைக்காய் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது என்பதைத் தவிர எனக்கு வேறு சாக்கு இல்லை.

புத்தகம் வந்து ஒரு மாதத்தில் தூத்துக்குடியிலிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. ஆசிரியர் அம்மாவுக்கு எழுதியது. “அம்மையீர், எங்கள் ஊரில் உப்பு மலை மலையாகக் குவிந்து கிடக்கிறது. நாங்களே இவ்வளவு போடுவதில்லை.” அவ்வளவுதான் எழுதியிருந்தது, கீழே ஒரு கையெழுத்து. அந்தக் கார்டை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன். பிழைத்திருத்தம் என்று ஒரு சின்னச் சீட்டு அடித்து எல்லாப் பிரதியிலும் வைத்துவிடலாம் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: “தம்பி, சீட்டு வெச்சா புத்தகத்துல தப்பு இருக்குன்னு தெரிஞ்சுபோயிடுமே.”

சீட்டு வைக்கவில்லை. புத்தகம் நன்றாக விற்றது.

அந்த நாட்களில்தான் குற்ற உணர்ச்சியில் என் அம்மாவிடம் போய் அளவு படிக்கலாம் என்று உட்கார்ந்தேன். அம்மா உப்பைப் பீங்கான் ஜாடியில் வைப்பதில்லை. மரவையில்தான் கல் உப்பு இருக்கும், கொஞ்சம் ஈரமாக, ஓரம் கறுத்து. புளியைக் கரைத்து அடுப்பில் வைத்துவிட்டு, மரவைக்குள் கையை விட்டு, விரல்களைக் கூட்டிப் பிடித்து, சட்டிக்கு மேலே ஒரு தடவை குலுக்குவார். கொஞ்சம் உள்ளே விழும், கொஞ்சம் கையிலேயே ஒட்டியிருக்கும். ஒட்டியிருப்பதைத் திரும்ப மரவையில் தட்டிவிடுவார்.

“எவ்வளவும்மா போட்டே?”

“போடற அளவுதான்.”

“அது எவ்வளவு?”

“டேய், குழம்பு எவ்வளவோ அவ்வளவு.”

விடவில்லை. அடுத்த நாள் ஒரு கிண்ணத்தைக் கொண்டுபோய், சட்டியில் போடுவதற்கு முன் இதில் போடு என்றேன். எடுத்து ஸ்பூனால் அளந்தேன். ஒன்றே கால் டீஸ்பூன். மறுநாள் ஒன்றரை. அதற்கும் மறுநாள் முக்கால். மூன்று நாளும் குழம்பு ஒரே மாதிரி. ஏன் என்று கேட்டால், நேற்று பழம்புளி, இன்றைக்குப் புதுப்புளி, அதற்கு முந்தின நாள் உன் பெரியப்பா சாப்பிட வந்தார், அவருக்கு ரத்தக்கொதிப்பு என்று பதில் வருகிறது. இதை எந்த ஃபாரத்தில் அடக்குவது? உலகத்துச் சமையல் புத்தகங்கள் எல்லாம் கூச்சப்பட்டுக்கொண்டு ‘உப்பு – தேவையான அளவு’ என்று போடுவதன் ரகசியம் அன்றைக்குத்தான் விளங்கியது. யாருக்குத் தேவையான அளவு என்பதைச் சொல்வதில்லை. பெரியப்பாவின் ரத்தக்கொதிப்பு அந்த இரண்டு சொல்லுக்குள் இருக்கிறது.

அளவோடு எழுதுவேன் என்று பிடிவாதமாக உட்கார்ந்தவர் ஒருவர் உண்டு. எஸ். மீனாட்சி அம்மாள். 1951இல் ‘சமைத்துப் பார்’ வந்தது. சொந்தக்காரர்கள் கடிதம் போட்டுப் பக்குவம் கேட்டுக் கேட்டு, கடைசியில் மாமா ஒருவர் சொன்னதால் புத்தகமாக்கினார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. என் மனைவி சீரோடு கொண்டுவந்த பிரதி இன்னும் வீட்டில் இருக்கிறது. எந்தப் பக்கத்தில் மஞ்சள் கறை அதிகமோ அதுதான் நல்ல குறிப்பு என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். பழைய பதிப்பில் ஆழாக்கும் பலமும் வராகனெடையும் இருக்கும். எட்டு ஆழாக்கு ஒரு படி, பத்து வராகனெடை ஒரு பலம் என்று கணக்கு வாத்தியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சமைக்க வேண்டும். ஆனால் அளவு அளவுதான், ஏமாற்று இல்லை. தலைப்பைப் பாருங்கள். வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்கிற அதே ‘பார்’. பாதி அழைப்பு, பாதி மிரட்டல். ஆங்கிலத்தில் ‘குக் அண்ட் சீ’ என்று போட்டபோது மிரட்டல் ஆவியாகிப்போய், சமைத்துவிட்டு ஜன்னலோரம் நின்று வேடிக்கை பார்க்கச் சொன்ன மாதிரி ஆகிவிட்டது. இருந்தாலும் அமெரிக்கா போன பெண்களின் பெட்டியில் பட்டுப்புடவைக்கு நடுவே போனது அந்தப் புத்தகம்தான். எங்கள் ‘100 வகைக் குழம்பு’ தூத்துக்குடியைத் தாண்டியதாகத் தகவல் இல்லை. பல்லாவரம் போனதற்கும் தகவல் இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

ஆழாக்கைத் தூக்கிவிட்டு ‘கப்’ வந்தது இன்னொரு கூத்து. எந்தக் கப்? அமெரிக்கக் கப் 240 மில்லி. எலெக்ட்ரிக் ரைஸ் குக்கரோடு கொடுக்கும் பிளாஸ்டிக் கப் 180 மில்லி, அது ஜப்பான்காரன் கணக்கு. நம்முடைய ஆழாக்கு 168 மில்லி. ஜப்பான்காரன் கிட்டத்தட்ட நம் ஆழாக்கையே நமக்குத் திரும்ப விற்கிறான் என்று நான் சொன்னால் வீட்டில் யாரும் ரசிப்பதில்லை. எங்கள் வீட்டில் கப் என்பது காது உடைந்த ஒரு காபிக் கோப்பை. அது மூன்றாவது தடவை கீழே விழுந்து உடைந்தபோது எங்கள் வீட்டுப் பாயசத்தின் ருசியே மாறிப்போயிற்று.

இந்தத் தொழில் நேற்று வந்ததும் இல்லை. சிறுபாணாற்றுப்படையில், நல்லியக்கோடன் பாணருக்குப் போடும் சோற்றைப் பற்றிச் சொல்லும்போது, காண்டவ வனத்தை எரித்த அர்ச்சுனனின் அண்ணன் எழுதிய நூலின்படி, இம்மியும் பிசகாமல் சமைத்தது என்று வருகிறது. அண்ணன் என்றால் பீமன். விராடன் அரண்மனையில் ஒரு வருஷம் சமையற்காரனாக ஒளிந்திருந்தவன் எழுதிவைத்த மடைநூல். அந்த நூல் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் உப்பு எத்தனை டே.ஸ்பூன் என்று பார்த்திருக்கலாம். அதற்கு ஏடு எழுதியவன் பாக்கியசாலி. மடை என்றால் சோறு, மடையன் என்றால் சமையற்காரன் என்று அகராதியில் ஓர் அர்த்தம் இருக்கிறது. என்னை வீட்டில் அப்படிக் கூப்பிடும்போது நான் அந்த அர்த்தத்தில்தான் எடுத்துக்கொள்வேன்.

புத்தகக் காலம் போய் டி.வி. காலம் வந்தது. பத்திரிகையோடு இலவசமாக வந்த 30 வகை இணைப்புகளைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்த பெண்கள் ரிமோட்டைப் பிடித்தார்கள். ஆரம்பத்தில் மத்தியானச் சமையல் நிகழ்ச்சி. ஓர் அம்மா பட்டுப்புடவையில் நின்று வெங்காயம் வதக்குவார், பக்கத்தில் ஒரு பெண் “அப்படியா மேடம்?” என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே இருக்கும். கடைசியில் ஒரு வாய் போட்டுக்கொண்டு கண்ணை மூடும். வாயில் சூடு பட்டாலும் கண்ணை மூடத்தான் செய்வோம் என்பது என் கட்சி.

பிறகு அது போட்டியாயிற்று. 1990இல் பி.பி.சி. அமைதியாக ஆரம்பித்த மாஸ்டர்செஃப், 2009இல் ஆஸ்திரேலியா போய்க் கண்ணீரும் கடிகாரமுமாக மாறி உலகம் சுற்றி, 2021இல் சன் டி.வி.யில் விஜய் சேதுபதியோடு தமிழுக்கு வந்தது. தேவகி விஜயராமன் ஜெயித்தார். அதற்கு முன்பே, 2019 நவம்பரில் விஜய் டி.வி. குக் வித் கோமாளியைத் தொடங்கிவிட்டது. தாமுவும் வெங்கடேஷ் பட்டும் நடுவர்கள், சமைக்கிற ஒவ்வொருவருக்கும் உதவிக்கு, அதாவது உபத்திரவத்துக்கு, ஒரு கோமாளி. ஊரே புதுமை என்றது. எங்கள் வீட்டில் இந்த ஏற்பாடு 1989இல் முகூர்த்தம் முடிந்த கையோடு அமலுக்கு வந்துவிட்டது. யார் குக், யார் கோமாளி என்பதில் குழப்பமும் இருந்ததில்லை.

2021 மாஸ்டர்செஃப் ஆஸ்திரேலியா இறுதிச் சுற்றை மாமியாரோடு உட்கார்ந்து போனில் பார்த்தேன். கிஷ்வர் சௌத்ரி என்ற வங்காளதேச வம்சாவளிப் பெண், தண்ணீர் ஊற்றிய சோற்றையும் உருளைக்கிழங்கு மசியலையும் மீனையும் வைத்து நடுவர்களைக் கலங்கடித்தார். அவர்கள் ஊர்ப் பந்தா பாத், நம் ஊர்ப் பழையது. மூன்றாமிடம் கிடைத்தது. மாமியார் சேலைத் தலைப்பால் போனைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை போடச் சொன்னார். பார்த்துவிட்டு, “இதுக்கா பரிசு? அறுபது வருஷமா தினம் காலையில ஜெயிச்சுக்கிட்டு இருந்திருக்கேனே, யாரும் சொல்லலையே” என்றார்.

இந்தக் காற்று பல்லாவரம் வரை வீசியது. அங்கே என் மச்சினி இருக்கிறாள். வத்தக்குழம்பில் அவளை அடித்துக்கொள்ள எங்கள் இரண்டு குடும்பத்திலும் ஆள் கிடையாது. அவள் வைத்தால் மூன்றாம் நாளும் ருசி ஏறிக்கொண்டே போகும். 2022இல் ஒரு சேனல் சமையல் போட்டிக்கு ஆள் எடுக்கிறது, வடபழனியில் ஒரு கல்யாண மண்டபத்தில் தேர்வு, வீட்டிலிருந்தே ஒரு பதார்த்தம் சமைத்துக்கொண்டு வர வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. அவள் கணவருக்கு லீவு இல்லை. “அத்தான், நீங்க வாங்க. உங்களுக்குத்தான் இந்த லைன் தெரியும்” என்றாள். நான் புத்தகம் எழுதிய விஷயம் அவளுக்குத் தெரியும். பெருமையாக இருந்தது.

பல்லாவரத்தில் ரயில் ஏறிக் கோடம்பாக்கத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். ஹாட்பேக் என் மடியில். காலை ஏழு மணிக்கு இறக்கிய குழம்பு. மண்டபத்தில் நானூறு பேர், எல்லார் மடியிலும் ஒரு பாத்திரம். முகூர்த்தம் இல்லாத நாளில் கல்யாண மண்டபம் பூராவும் சாப்பாடு வாசனை, ஒருவர்கூடச் சாப்பிடவில்லை. அந்த மாதிரிக் கொடுமையை நான் பார்த்ததில்லை. எங்கள் நம்பர் 212. பக்கத்தில் ஒரு பெண் பீட்ரூட் குழிப்பணியாரத்தை நடுவில் வைத்து, சுற்றிலும் தேங்காய்ச் சட்னியைப் புள்ளி புள்ளியாக விட்டுக்கொண்டிருந்தாள். கோலம் புத்தகத்துக்கும் சமையல் புத்தகத்துக்கும் ஒரே இடத்தில் மெய்ப்புப் பார்த்தவன் நான். அது எந்தப் புத்தகத்தைச் சேர்ந்தது என்று எனக்கே குழப்பமாக இருந்தது.

மூன்று மணிக்குக் கூப்பிட்டார்கள். விதி என்னவென்றால் ஒரே ஒரு பதார்த்தம்தான். நாங்கள் சோறும் சுட்ட அப்பளமும் தனியாகக் கொண்டுபோயிருந்தோம். வாசலிலேயே ஒரு பையன் வாங்கி வைத்துவிட்டான். “ரைஸ் செகண்ட் டிஷ் மேம்.” அப்பளம் மூன்றாவது டிஷ்ஷாம்.

தட்டையான வெள்ளைத் தட்டில் வத்தக்குழம்பை ஊற்றினாள். ஊற்றினால் அது ஓடத்தானே செய்யும். ஓடியது. நடுவர் சின்னப் பையன், கோட்டில் இரண்டு வரிசைப் பொத்தான். தட்டைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்தார். ஒரு ஸ்பூனை எடுத்தார். வெறும் ஸ்பூன். குழம்பை மொண்டு, பாயசம் மாதிரி வாயில் விட்டுக்கொண்டார்.

முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

“ஃபிளேவர் நல்லா இருக்கு மேம். டெக்ஸ்சர் மிஸ்ஸிங். கொஞ்சம் கிரஞ்ச் இருந்திருக்கலாம். சால்ட் தூக்கல்.”

“தம்பி, சோத்துல பெசைஞ்சு சாப்பிடணும்ப்பா.”

“டிஷ் தனியா நிக்கணும் மேம்.”

நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள். பீட்ரூட் குழிப்பணியாரம் அடுத்த சுற்றுக்குப் போனது.

ஆட்டோவில் நான் பேச ஆரம்பித்தவன் கோடம்பாக்கம் ஸ்டேஷன் வரை நிறுத்தவில்லை. அப்போது சொன்னதை இப்போதும் சொல்வேன். தமிழ்நாட்டில் யாராவது வத்தக்குழம்பை ஸ்பூனில் குடித்திருக்கிறார்களா? அதன் உப்பும் புளியும் காரமும் சோற்றுக்காகப் போட்டது. சோற்றில் உப்பே கிடையாது என்பது தெரிந்து, அதற்கும் சேர்த்துக் குழம்பில் போடுகிறோம். ஒரு கவளத்தில் சோறு, குழம்பு, நல்லெண்ணெய் மூன்றும் விரலில் கலந்த பிறகுதான் அது பதார்த்தமே ஆகிறது. கிரஞ்ச் வேண்டுமென்றால் அப்பளம். அந்த அப்பளத்தை வாசலில் பிடுங்கிவைத்துக்கொண்டு கிரஞ்ச் எங்கே என்று கேட்பது, கல்யாணப் பெண்ணை அறையில் பூட்டிவிட்டு மாப்பிள்ளை ஏன் தனியாக உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்கிற மாதிரி. டிஷ் தனியாக நிற்க வேண்டுமாம். நம் ஊரில் எந்த டிஷ் தனியாக நின்றது? ரசம் நிற்குமா? துவையல் நிற்குமா? ஒரு கைப்பிடிச் சோற்றின் தோளைப் பிடித்துக்கொண்டுதானே எல்லாம் நிற்கிறது. புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்திலிருந்து ஒரு தாத்தாவும் பேரன்களும் வயலில் அண்டா வைத்துச் சமைத்து, இலை போட்டுச் சாப்பிட்டு, 2021இல் யூடியூபில் ஒரு கோடிப் பேரைச் சேர்த்தார்கள். அந்த வில்லேஜ் குக்கிங் சேனலில் யாராவது ஸ்பூனைத் தூக்கி முகத்தைச் சுளித்தார்களா?

ஆட்டோக்காரர் பின்னால் திரும்பி, “கரெக்ட்டு சார்” என்றார்.

ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. நான் இன்னும் ஆறவில்லை. மச்சினிதான் அமைதியாக இருந்தாள். கிண்டி தாண்டியதும் சொன்னாள்: “இல்ல அத்தான். உப்பு நெஜமாவே கொஞ்சம் ஜாஸ்தியாத்தான் இருந்திருக்கும்னு தோணுது.”

“உன் கைக்கு உப்பு ஜாஸ்தியாகுமா? இருபத்தஞ்சு வருஷக் கை.”

“தினம் கையாலதான் போடுவேன். இன்னிக்குப் போட்டி ஆச்சே, எல்லாம் அளவோட இருக்கணும்னு புஸ்தகம் பாத்துப் போட்டேன். சாமிக்குப் படைக்கிற மாதிரி நெனைச்சுக்கிட்டு வாயில வெச்சும் பாக்கல.”

பையைத் திறந்து எடுத்தாள். அட்டை கிழிந்து, செல்லோடேப் போட்டு, ஓரமெல்லாம் எண்ணெய் ஏறியிருந்தது. 1997இல் அவள் கல்யாணத்துக்கு நான் கொடுத்த பிரதி. முதல் பக்கத்தில் ‘அன்புடன் அத்தான்’ என்று என் கையெழுத்து. அவளுக்கு 43ஆம் பக்கத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை, தானாகவே திறந்துகொண்டது.

உப்பு – 1 டே.ஸ்பூன்.

கல் உப்பாகப் போட்டாளாம். கல் உப்பு ஒரு ஸ்பூனுக்குத் தூள் உப்பைவிடக் குறைவாகத்தான் பிடிக்கும். அதனால் நடுவர் பிழைத்தார்.

மீனம்பாக்கம் வந்தது, திரிசூலம் வந்தது. சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தேன். “அந்தப் பையனுக்குச் சோத்துல பெசையத் தெரியல” என்றுதான் வந்தது. “ஆமா அத்தான்” என்றாள். பல்லாவரத்தில் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஏழு. அந்த ஹாட்பேக்கில் மிச்சமிருந்த குழம்பைச் சுடச்சுடச் சோற்றில் விட்டு, எண்ணெய் ஊற்றி, காலையில் சுட்டு நமுத்துப்போன அப்பளத்தோடு மூன்று தடவை போட்டுக்கொண்டேன். உப்பு கொஞ்சம் தூக்கல்தான். சோறு கூடப் போட்டுக்கொண்டதும் சரியாகிவிட்டது.

அவளிடம் இன்னும் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும். அந்தப் பதிப்பகம் மூடி வெகுநாள் ஆகிவிட்டது, முதலாளியும் இல்லை. ஆனால் நாங்கள் போட்டது 3,000 பிரதி. பழைய புத்தகக் கடையிலோ, பரணிலோ, யார் வீட்டு அலமாரியிலோ ‘100 வகைக் குழம்பு’ என்று பச்சை அட்டையில் ஒன்று அகப்பட்டால், தயவுசெய்து 43ஆம் பக்கத்தை எடுத்து, மேலிருந்து ஏழாவது வரியில் ‘டே’ என்பதை ‘டீ’ என்று திருத்திக்கொள்ளுங்கள்.